புதுப்பிப்பு: மழைக்காலத்தில் ஓவியங்களில் பூஞ்சை – தீர்வு கிடைத்தது

மதுரையில் வீட்டு முன்னறையில் நாங்கள் நடத்தும் ஓவியக்கூடத்தில், ஐப்பசி மழைக்கு நீர்வண்ணப் படங்கள் பூஞ்சை பிடிப்பதாகக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் திறந்த அறைக்குப் போதவில்லை. இரண்டே நாளில் ஈரம் நிறைந்து நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டன. கைகொடுத்தது, படத்தைச் சுவரிலிருந்து தள்ளி மாட்டச் சொன்ன யோசனைதான். சட்டத்தின் பின்பக்கக் கீழ்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினேன். கண்ணாடி தாளில் படாதபடி இடையில் மவுண்ட் அட்டையும் (படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வைத்தேன்.

அப்புறமும் ஒரு படத்தில் மட்டும் மறுபடி பூத்தது. அதற்குக் கீழே தரையில் வெள்ளைப் பொடி உதிர்ந்திருப்பதை மகள்தான் காட்டினாள்; ஈரம் ஏறிய சுவரில் பூக்கும் உப்பு அது. அந்தச் சுவருக்குப் பின்னால் எங்கள் சமையலறைத் தொட்டி, குழாய் கசிந்திருக்கிறது. சரிசெய்த பிறகு, மார்கழி முடிந்தும் புதுப் புள்ளி இல்லை. பழைய பழுப்புப் புள்ளிகள் மட்டும் போகவில்லை.