கைக்குட்டை இருந்தால் ட்ரைபாட் வேண்டாமாம்!

மாட்டுங்கா_மாமா: செம்பூர் தம்பி ஒருவர் நேற்று இங்கே எழுதியிருக்கிறார்: "சர்ச் கூரையை எடுக்க ட்ரைபாட் எதற்கு? கேமராவைத் தரையில் மல்லாக்க வை, 2 விநாடி டைமரைத் தட்டு, முடிந்தது." அதற்கு ஒரு கூட்டம் கைதட்டுகிறது! அவரவர் கேமராவின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? கண் வைக்கிற இடத்தில் ரப்பர் புடைத்துக்கொண்டு நிற்கும். தரையில் வைத்தால் கேமரா சாயும். கூரை 40 அடி என்று வையுங்கள், 3 டிகிரி சாய்ந்தாலே படத்தின் மையம் 2 அடி தள்ளிப்போகும். ரப்பர் இருக்கிறது, ஐயா.

செம்பூர்_ஷட்டர்: அந்தத் தம்பி நான்தான் மாமா. கைக்குட்டையை நாலாக மடித்துக் கீழே கொடுத்தால் நிரவிவிடும் என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தேன். பாதி படித்துவிட்டுக் குதிப்பது உங்களுக்குப் புதிதா? போன வருஷம் ஃபில்டர் சண்டையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மாட்டுங்கா_மாமா: கைக்குட்டை துணி. கேமராவின் எடையில் அமுங்கும். எந்தப் பக்கம் எவ்வளவு அமுங்கும் என்று சொல்ல முடியுமா? ரப்பர் அப்படியே நிற்கும்.

தாராவி_லென்ஸ்: எதற்கு இந்த அவஸ்தை? மைக்கலாஞ்சலோவே மல்லாந்து படுத்துத்தான் வாடிகனில் சிஸ்டைன் சேப்பல் கூரையை வரைந்தார். நாமும் படுத்துக்கொண்டு எடுப்போம்.

ஐஎஸ்ஓ_100: படுக்கவில்லை அண்ணா, நின்றுகொண்டேதான் வரைந்தார், 1508லிருந்து 1512 வரை. கழுத்து ஒடிகிறது என்று புலம்பிக் கவிதை வேறு எழுதி, அதன் ஓரத்திலேயே, தான் நின்று வரைவதைக் கிறுக்கியும் வைத்திருக்கிறார். அங்கே இப்போது படமெடுக்கவே விடமாட்டார்கள், அது தனிக் கதை.

தாராவி_லென்ஸ்: கவிதையெல்லாம் தெரியும், நன்றி. நம்ம மும்பை விடிக்கு, அதான் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்துக்குப் போய் டிக்கெட் ஹாலின் கூரையை எடுத்துக் காட்டுங்கள், நீல வானத்தில் தங்க நட்சத்திரம். அப்புறம் பேசலாம்.

கோலிவாடா_கிழவன்: விடியா? 1996லேயே சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் என்று பெயர் மாறியாச்சு.

தாராவி_லென்ஸ்: கட்டடக் கலைஞர் ஸ்டீவன்ஸ் கட்டி முடித்தபோது, 1888ல், விடிதான். டாக்சிக்காரரிடம் முழுப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று.

மாட்டுங்கா_மாமா: பெயர் என்னவாகவும் இருக்கட்டும். அங்கே தரையில் கேமராவை வைத்தால் கல்யாண் லோக்கலுக்கு ஓடுகிற கூட்டம் மிதித்துவிட்டுப் போகும். கொலாபா ஆஃப்கன் சர்ச்சில் வைத்தால் பட்டர்ஃபீல்ட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த ஓட்டுத் தரை, அதைக் கீறினால் யார் பொறுப்பு? எங்கே வைத்தாலும் ரப்பர் ரப்பர்தான்.

செம்பூர்_ஷட்டர்: ஓட்டைக் கீறாமல் இருக்கத்தானே மாமா கைக்குட்டை! ட்ரைபாடின் மூன்று காலும் என்ன மல்லிகைப்பூவா? கொலாபாவில் ஹோலி நேம் கதீட்ரலின் ஓவியக் கூரையை இப்படித்தான் எடுத்தேன். இரண்டு பக்கத் தூண்களும் நேராக நிற்கின்றன, படத்தை இங்கேயே போட்டிருக்கிறேன்.

மாட்டுங்கா_மாமா: பார்த்தேன். இடப்பக்கத் தூண் சாய்கிறது.

செம்பூர்_ஷட்டர்: உங்கள் கண்ணாடி சாய்கிறது.

ஐஎஸ்ஓ_100: சாய்ந்தால் வீட்டில் மென்பொருளில் நிமிர்த்தலாமே? ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான்.

மாட்டுங்கா_மாமா: ஓரம்தான் கூரையின் உயிரே! சட்டங்கள், சுவரோடு சேரும் வளைவு எல்லாம் அங்கேதான். மங்களூர் அலோசியஸ் சேப்பலில் 1900 வாக்கில் மொஸ்கெனி என்ற இத்தாலியச் சகோதரர் மூலை முடுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துத் தீட்டினார். நீங்கள் வெட்டித் தள்ளுவீர்களா?

கோலிவாடா_கிழவன்: பூசை நடக்கும்போது தரையில் குனிந்து கேமரா வைக்கிற ஆட்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை யாராவது பேசுவீர்களா?

தாராவி_லென்ஸ்: பெரியவரே, அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

செம்பூர்_ஷட்டர்: ட்ரைபாடைக் கண்டாலே பல இடங்களில் காவலர் ஓடிவருகிறார். போன மாதம் ஒரு பழைய கட்டடத்தில் என்னை வாசலிலேயே மடக்கி, பையைத் திறக்கச் சொன்னார்கள். கைக்குட்டையை யாரும் தடுக்கவில்லை.

மாட்டுங்கா_மாமா: அனுமதி வாங்கத் தெரியாதவனுக்குக் கைக்குட்டை. ஞாயிறு பூசை முடிந்ததும் கொலாபாவுக்கு வா. ரசமட்டம் நான் கொண்டு வருகிறேன். வைத்துப் பார்த்துவிடுவோம்.

செம்பூர்_ஷட்டர்: ஞாயிறு எங்கள் ஹார்பர் ரயில் பாதையில் மெகா பிளாக், பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திவிடுவார்கள், மாமா.

மாட்டுங்கா_மாமா: பிளாக் ரயிலுக்குத்தான். ரப்பருக்கு இல்லை.