கத்தரிப் பாத்தியில் அழுகிய முட்டை நாற்றம்: காரணத்தை எப்படிக் கண்டறிவது?

கேள்வி (சத்துவாச்சாரி)

வணக்கம். வீட்டின் பின்புறம் அரை சென்ட் இடத்தில், ஏரி வண்டல் வாங்கி ஓரடி உயரத்துக்கு நிரப்பி, இலவம்பாடி முள்ளுக் கத்தரி நட்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகு, களைக்கொத்தால் கிளறும்போதெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் எழுகிறது, அடியிலைகளும் மஞ்சளாகின்றன. 15 அடி தள்ளி செப்டிக் டேங்க் இருக்கிறது. வண்டலில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்திருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதிலிருந்து, அந்தக் காய்களைப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில் (குடியாத்தம்)

அம்மா, முதலில் இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அரையடிக்கு ஒரு பிடி மண்ணாகத் தனித்தனித் தட்டுகளில் வைத்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பதே பாதி விடை. நீர் தேங்கிக் காற்று புகாத மண்ணில், மட்காத பொருளை உண்ணும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அது மண்ணிலுள்ள இரும்போடு சேர்வதால் அந்த அடுக்கு கருத்துப்போகும். அந்தக் கரிய மண்ணைப் பரப்பிக் காற்றுப்பட வைத்தால், ஓரிரு நாளில் நிறமும் நாற்றமும் குறையத் தொடங்கும். பிறகு குழியில் நீர் ஊற்றி, வடிய எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செப்டிக் டேங்க் கசிந்தால், மழை ஓய்ந்த பிறகும் அந்தப் பக்கத்து மண் மட்டும் ஈரமாகவே இருக்கும். வண்டலுக்கு அடியில் ஏதேனும் போட்டீர்களா?

பதில் (ராணிப்பேட்டை)

பெரியவரின் அச்சத்தை நான் ஒதுக்கமாட்டேன். பாலாற்றங்கரைத் தோல் கழிவு பற்றிய வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தோலிலிருந்து முடியை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுவதால் அந்தக் கழிவும் இதேபோல நாறும். ஆனால் பதனிடப் பயன்படும் குரோமியத்துக்கு நாற்றமே கிடையாது. ஆகவே நாற்றம் போய்விட்டது என்பதற்காக மண் தூயது என்று முடிவு செய்யாதீர்கள். வழக்கமான மண் பரிசோதனையில் கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல் சத்துகளைத்தான் பார்ப்பார்கள். குரோமியத்தைத் தனியே கேட்க வேண்டும். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால், எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று வழிகாட்டுவார்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. மேல் அரையடி மண்ணில் நாற்றமில்லை. சரியாக ஓரடியில், வண்டல் முடியும் இடத்தில், நான்கு விரற்கடை அளவுக்குக் கருப்பு அடுக்கு இருந்தது. ஆடியில் கடலைப் பிண்ணாக்கையும் வேப்பஞ்சருகையும் மட்கவிடாமல் அடியில் பரப்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊற்றிய நீர் மாலைவரை வடியவில்லை. தட்டில் பரப்பிய கருமண் மறுநாளே பழுப்பாகி, நாற்றமும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. செப்டிக் டேங்க் பக்கத்தில் தனி ஈரம் இல்லை. பாத்தியின் ஓரமாக வடிகால் வெட்டிவிட்டேன். வண்டலைத் தனியாக எடுத்துக் குரோமியப் பரிசோதனைக்கும் கொடுக்கப்போகிறேன். முடிவு வரும்வரை காய்களைப் பறித்துச் சமைக்கப்போவதில்லை.