2004 ஜென்: சர்வீஸ் விட்டு வந்ததும் ஆயில் டிரெய்ன் மரை, பிளக் மரை, ரன்னிங் போர்டு எல்லாம் காலி. எதை முதலில் பார்ப்பது?

ஜென்_கறுப்பு (சென்னை):

வண்டி மாருதி ஜென் எல்எக்ஸ்ஐ, 2004, பெட்ரோல், 1,12,000 கிமீ. கொடுத்த வேலை ஆயில், ஆயில் ஃபில்டர், நான்கு ஸ்பார்க் பிளக், டயர் மாற்றிப் போடுவது. அவ்வளவுதான். வண்டி திரும்பி வந்தபின் பார்த்தவை:

ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட்டில் சொட்டு. ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் ஐந்து ரூபாய் நாணய அளவுக் கறை. போல்ட் ஓரத்தில் வெள்ளை டெஃப்லான் டேப் நீட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது சிலிண்டர் பிளக் மற்ற மூன்றையும் விட உயரமாக, லேசாகச் சாய்ந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் அந்த இடத்தில் "சிக் சிக்" என்று காற்று அடிக்கும் சத்தம்.

இடதுபுறம் ரன்னிங் போர்டின் (கதவுக்குக் கீழே ஓடும் பட்டை) கீழ் விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு உள்பக்கம் மடிந்திருக்கிறது. ஜாக்கி வைக்கும் வெட்டு அங்கிருந்து நான்கு விரல் தள்ளி இருக்கிறது.

முன் வலது சக்கரத்தில் ஒரு நட், காரோடு வந்த ஸ்பேனருக்கு அசைய மாட்டேன் என்கிறது.

பட்டறையில் கேட்டால் "இருபது வருஷ வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். வண்டியை ஓட்டலாமா? இது அவர்கள் கைவேலைதான், வயசுக் கோளாறு இல்லை என்று எப்படிக் காட்டுவது? சரிசெய்யும் முறையையும் சொல்லுங்கள்.

கிரீஸ்கை:

முதலில், வண்டியை எடுக்காதீர்கள். சொட்டுக்காக இல்லை, அந்த பிளக்குக்காக. மரை ஏறாமல் இரண்டு மூன்று சுற்றில் கோணலாகப் பிடித்து நிற்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் சூடான வாயு அந்த இடுக்கு வழியாகப் பீறிடும். பிளக் மாட்டியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக் உடம்பு இரும்பு. தேய்வது ஹெட்தான். ஒரு ஓவர்டேக் நேரத்தில் பிளக் மிச்ச மரையையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தால், இன்று நூற்றுக்கணக்கில் முடிகிற வேலை ஹெட் இறக்குகிற வேலையாகிவிடும்.

"பழைய வண்டி" என்ற பதிலுக்கு வாய்ச்சண்டை வேண்டாம். உலோகமே சொல்லிவிடும். பல வருஷமாகத் தேய்ந்த மரை மங்கலாக, கருமை படிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். நேற்று கிழிந்தது வெள்ளிமாதிரி பளிச்சென்று, சுருள் சுருளாகத் துருவலோடு இருக்கும். தகடும் அப்படியே. பழைய மடிப்பென்றால் பெயின்ட் விரிசலுக்குள் பழுப்புத் துரு ஊறி ஓரத்தில் கொப்புளம் கட்டியிருக்கும். புதுசு என்றால் விரிசலுக்குள் வெறும் இரும்பு மின்னும், ஜாக்கித் தலையின் அச்சுகூடத் தெரியும். ஒரு மழை நனைந்தால் இந்த வித்தியாசம் போய்விடும். ஆகவே கழுவுவதற்கு முன், துடைப்பதற்கு முன், பக்கத்தில் ஸ்கேல் வைத்து இன்றைக்கே படம் எடுங்கள். டெஃப்லான் டேப்பைப் பிய்த்துவிடாதீர்கள், அதையும் படம் எடுங்கள். மரை போனது தெரிந்துதான் சுற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

லேத்_மேசை (கோவை):

டிரெய்ன் போல்ட்டை முதலில் சொல்கிறேன். இதில் எம்14×1.5 மரை (14 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.5 மில்லிமீட்டர்). சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இரும்புத் தகடு, உள்பக்கம் நட் வைத்து வெல்டு செய்திருக்கும். இறுக்க வேண்டியது 35 நியூட்டன் மீட்டர்தான். இது எப்படிப் போகிறது என்றால், பழைய வாஷரையே திரும்பப் போடுவார்கள். அது ஏற்கெனவே நசுங்கியது, கசியும். அடுத்த சர்வீஸில் கசிவை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள். அதற்கடுத்து ஏர் கன் (காற்றழுத்தத்தில் இறுக்கும் கருவி). வாஷர் செய்ய வேண்டிய வேலையை மரை செய்து செய்து கடைசியில் உரிந்துவிடும். ஒரு வாஷர் விலையில் தொடங்கிய வினை இது.

சரிசெய்யும் வரிசை: ஆயிலைச் சுத்தமான தட்டில் வடித்து, போல்ட்டைப் பாருங்கள். பல நேரம் போல்ட் மரை மட்டுமே போயிருக்கும். புது போல்ட்டைக் கையாலேயே முழுசாக ஏற்றிப் பாருங்கள். ஆட்டமில்லாமல் ஏறினால் புது வாஷரோடு 35-இல் முடித்துவிடலாம். ஏறும்போது நடுவில் சிக்கினால் எம்14×1.5 டேப்பில் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) கிரீஸ் அப்பி, கையால், அரைச் சுற்று முன்னே கால் சுற்றுப் பின்னே என்று மரையைச் சுத்தம் செய்யுங்கள். துருவல் கிரீஸில் ஒட்டி வந்துவிடும். பிறகும் போல்ட்டைத் திறந்தே வைத்து மேலே அரை லிட்டர் மலிவு ஆயில் ஊற்றி, கீழே வெளியேற விடுங்கள்.

மரை மொத்தமாகப் போயிருந்தால் இரண்டு வழி. ஒன்று, துளையைப் பெரிதாக்கி முழுப் புஷ் (உள்ளும் வெளியும் மரையுள்ள கெட்டிக் குழல்) போடுவது. சுருள்கம்பி இன்செர்ட்டும் பிடிக்கும், ஆனால் இது வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றுகிற இடம், என்றைக்காவது போல்ட்டோடு சுருளும் சேர்ந்து வந்துவிடும். இன்னொன்று, சம்பைக் கழற்றிப் புது நட் வெல்டு செய்வது, அல்லது வேறு சம்ப். முதல் தலைமுறை ஜென் 2006-இல் நின்றுவிட்டது, ஆனாலும் புதுப்பேட்டையில் தேடினால் சம்ப் கிடைக்காமல் போகாது. விளிம்பை நேரான பட்டை மேல் வைத்து நெளிவு பார்த்து வாங்குங்கள். மாட்டும்போது சீலன்ட் மூன்று மில்லிமீட்டர் கோடு போதும், போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக. தாராளமாகப் பிதுக்கினால் உள்ளே தொங்குகிற பிசிறு அறுந்து ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய் அடைக்கும். சம்ப் போல்ட்டுகள் சின்னவை, 11 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் விளிம்பு அலை அலையாக வளைந்து சுற்றிலும் கசியும்.

அடுத்து பிளக். எம்14×1.25. கழற்றும் முன் குழிக்குள் காற்று அடித்து மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் போகும். கழற்றியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோணல் ஏற்றமென்றால் மேலே இரண்டு மூன்று மரை மட்டும் கிழிந்து கீழே நல்லதாக இருக்கும். இங்கேதான் இரண்டாவது தவறு நடக்கும். மேலிருந்து சாதா டேப்பை இறக்கினால் அது கோணல் மரையையே பிடித்துக்கொண்டு இறங்கி மிச்சத்தையும் வெட்டிவிடும். இதற்கு விரிகிற டேப் இருக்கிறது: சுருக்கி உள்ளே விட்டு, கீழே நல்ல மரை இருக்கும் இடத்தில் விரித்து, அந்த மரையைப் பிடித்து மேலே ஏறி வருவது. அதுதான் வேண்டும். நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜினைக் கையால் சுற்றி மூன்றாவது பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டுச் செய்யுங்கள். ஒரு நீள ஸ்ட்ராவைத் துளைக்குள் விட்டால் பிஸ்டன் எங்கே என்று தெரியும். முடிந்ததும் வேக்குவம் நுனியில் மெல்லிய குழாய் சுற்றித் துருவலை உறிஞ்சுங்கள். ஃபியூவல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இக்னிஷன் காயில் கனெக்டரையும் கழற்றி, துளைகள் மேல் துணி போட்டு நான்கு விநாடி செல்ஃப் அடித்தால் மிச்சமும் வெளியே வந்துவிடும்.

மாட்டும்போது பிளக்கின் பீங்கான் தலையில் ஒரு சாண் ரப்பர் ட்யூபைச் செருகி, ட்யூபை விரலால் சுற்றி ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் ட்யூப் வழுக்கும், பிளக் சுற்றாது. சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் இந்த நயத்தைக் கைக்குத் தராது. இந்த ஹெட் போனதே அதனால்தான். உட்கார்ந்த பிறகு 25 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (அளவு வைத்து இறுக்கும் ஸ்பேனர்) இல்லையென்றால், புது பிளக் கையால் இறுகியபின் அரைச் சுற்று. பழைய பிளக்கென்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுதான், வாஷர் ஏற்கெனவே நசுங்கிவிட்டது. மரையில் கிரீஸ், காப்பர் பேஸ்ட் எதுவும் வேண்டாம். வழுக்குகிற மரையில் அதே 25-ஐப் போட்டால் உள்ளே இழுவிசை கூடி அலுமினியம் நீளும்.

ஸ்பேனர்பாய்:

சம்புக்கு இவ்வளவு எதற்கு அண்ணே? கடையில் ஓவர்சைஸ் போல்ட் கிடைக்கிறது, தானே மரை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். பத்து நிமிஷ வேலை.

லேத்_மேசை (கோவை):

போகும் தம்பி, கோணலாகப் போகும். படுத்துக்கொண்டு கையால் நேராக வெட்ட முடியாது. கோணலாக உட்கார்ந்த போல்ட்டில் வாஷர் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும், சொட்டு நிற்காது. வெட்டிய துருவல் முழுக்க சம்புக்குள்தான் விழும். அடுத்த தடவை கழற்றி மாட்டும்போது அது மறுபடி வெட்டும். ஊருக்குப் போகிற வழியில் மாட்டிக்கொண்டால் போடலாம். வீட்டில் நிற்கிற வண்டிக்கு வேண்டாம்.

தகர_டிங்கர்:

ரன்னிங் போர்டை "சும்மா நசுங்கல்" என்று விடாதீர்கள். இது சேஸிஸ் தனியாக உள்ள வண்டியில்லை, உடம்பேதான் சேஸிஸ். கீழே தொங்குகிற அந்த விளிம்பு, தகடுகளை ஒன்றோடொன்று வைத்து ஸ்பாட் வெல்டு அடித்த தையல். ஜாக்கிக்கு உள்ள வெட்டுக்குப் பின்னால் மட்டும் உள்ளே பலத்தகடு உண்டு. நான்கு விரல் தள்ளி வைத்தால் எடை முழுக்க வெறும் விளிம்பில் இறங்கும். மடிந்ததும் தையலுக்குள் இருந்த சீலர் விரியும், தண்ணீர் இழுக்கும். இன்னொன்றைப் பலர் பார்ப்பதில்லை. உள்ளே வடிகிற தண்ணீர் வெளியேறச் சின்னத் துளைகள் அங்கேதான் இருக்கின்றன. மடிப்பில் அது மூடிக்கொண்டால் ரன்னிங் போர்டு தண்ணீர்த் தொட்டிதான். சென்னைக் கடற்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம்.

முதலில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடுக்கு மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால் மடிப்பு விளிம்போடு நின்றிருக்கிறது. கதவு தூக்கிப் போட வேண்டியிருந்தால் உள்தகடும் நகர்ந்திருக்கிறது, அது பெரிய டிங்கரிங், இங்கே எழுதித் தீராது.

விளிம்பு மட்டும் என்றால்: சுத்தியலால் அடிக்காதீர்கள், ஸ்பாட் வெல்டு பிரியும். கேஸ் வைத்துச் சூடும் ஏற்றாதீர்கள், சுற்றிலும் உள்ள பெயின்ட்டும் உள்ளே உள்ள மெழுகும் எரியும். அகலத் தாடை லாக்கிங் பிளையரால் மடிப்பின் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். கடைசியில் இருபுறமும் பட்டை இரும்பு வைத்து சி-கிளாம்ப்பால் அழுத்தினால் நேராகிவிடும். வயர் பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியத் தேய்த்து, தின்னரால் துடைத்து, எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். காய்ந்தபின் தையல் மேல் பியூ (பாலியூரிதேன்) சீலர். சீலர் போடும் முன் ஒவ்வொரு வடிகால் துளையிலும் ஒரு தீக்குச்சி செருகுங்கள், இழுபடும் பதத்தில் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் துரு தடுக்கப் போட்ட சீலரே துளையை அடைத்துவிடும். அதன்மேல் பெயின்ட். கடைசியாக உள்பக்கம் நீளக்குழாய் விட்டு கேவிட்டி வாக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு).

கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்துத் தருகிறோம் என்று அதே பட்டறை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தின் மேலும் துருவின் மேலும் அடித்த கோட்டிங் வெளியே பளபளக்கும், உள்ளே இரும்பு அப்பளமாகும்.

கிரீஸ்கை:

வீல் நட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மற்ற நட்டுகள் இறுகியிருக்க, வண்டியைத் தரையில் நிறுத்தி, பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு அரை மணி கழித்து நீளக் கம்பி ஸ்பேனரால் முயலுங்கள். கழன்றதும் ஒரு நல்ல நட்டை ஒவ்வொரு ஸ்டட்டிலும் (நட் ஏறும் மரைத்தண்டு) விரலால் முழு நீளத்துக்கு ஏற்றுங்கள். பாதி தூரத்தில் இறுகினால் ஏர் கன் அந்த ஸ்டட்டை இழுத்து நீட்டிவிட்டது, டை (வெளிமரை வெட்டும் கருவி) போட்டுத் தேற்றாதீர்கள், மாற்றுங்கள். திரும்ப மாட்டும்போது எதிரெதிர் வரிசையில், கையால். காரோடு வந்த ஸ்பேனரின் நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், மேலே ஏறி மிதிக்கத் தேவையில்லை. நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை சரிபாருங்கள். பிரேக் மிதிக்கும்போது பெடல் உதறினால், சமமில்லாத இறுக்கம் முன் டிஸ்க்கைக் கோணியிருக்க வாய்ப்புண்டு.

பணம் கேட்பது பற்றி: வேறொரு மெக்கானிக்கிடம் எது எது பழுது, எவ்வளவு ஆகும் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். பிறகு பட்டறைக்கு ஜாப் கார்டு எண், தேதி, படங்களோடு எழுத்தில் கேளுங்கள், பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். கழற்றிய போல்ட், பிளக் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். கொடுத்த கூலி ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள், இயந்திரக் கோளாறு அதில் வராது.

ஜென்_கறுப்பு (சென்னை):

படங்கள் எடுத்தாயிற்று. மூன்றாவது பிளக்கைக் கழற்றினேன். மேலே மூன்று மரை பளிச்சென்று கிழிந்திருக்கிறது, கீழே நன்றாகத்தான் தெரிகிறது. விரிகிற டேப் மட்டும் போதுமா, இன்செர்ட் போட வேண்டுமா?

லேத்_மேசை (கோவை):

பிளக் மரை நீளம் 19 மில்லிமீட்டர், அதாவது பதினைந்து மரை. மூன்று போனால் பன்னிரண்டு மிச்சம், தாராளம். டேப் மட்டும் போட்டு, ட்யூபால் ஏற்றி, 25-க்கு இறுக்குங்கள். டார்க் ரெஞ்சில் கிளிக் வருவதற்கு முன்னால் கையில் இறுக்கம் குறைந்து பிளக் தானாகச் சுற்ற ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்போது இன்செர்ட்தான், அதுவும் அதே 19 நீளத்தில். நீளம் கூடி அறைக்குள் துருத்தினால் அந்த நுனி பழுத்து, ஸ்பார்க் வரும் முன்பே பெட்ரோலைப் பற்ற வைக்கும்.