கேட்கிறவனுக்குப் பதில் தெரியக் கூடாது

தமிழ் வழியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளை வைத்துப் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டுவருகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பாலக்காட்டு நகரத்தைவிடத் தமிழ்நாட்டு எல்லையே எங்களுக்குக் கிட்டம்.

பள்ளிகளில் நாடகம் சொல்லித்தரும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். ஆசிரியர் வசனத்தை எழுதிக் கொடுப்பார், எப்படிச் சொல்ல வேண்டும் என்று நடித்துக் காட்டுவார், பிள்ளைகள் அப்படியே திருப்பிச் செய்வார்கள். இந்த முறைக்குத் தமிழில் பெரிய பரம்பரையே உண்டு. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளைக் கொண்டு தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்கள் வாத்தியாரிடம் பாடமாகக் கேட்டே நடிகர்களானார்கள். ஆனால் அவர்கள் குழுவோடு தங்கி, இரவும் பகலும் பாட்டும் பேச்சுமாகவே வளர்ந்தவர்கள். நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் பிள்ளையிடம் அந்த முறையைச் செலுத்தினால், மேடையில் கிடைப்பது அந்தப் பிள்ளை அல்ல, ஆசிரியரின் மங்கலான நகல்தான். அக்கம்பக்கத்துப் பள்ளி விழாக்களில் பத்துப் பிள்ளைகள் ஒரே மாதிரி கையை உயர்த்தி ஒரே மாதிரி குரலை இழுப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் ஆசிரியரை நேரில் பார்க்காமலேயே என்னால் அடையாளம் சொல்ல முடிந்திருக்கிறது.

ஓர் ஆண்டு நாடகத்துக்குப் பொருளைப் பிள்ளைகளே எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீரைத் தவிர வேறு எதை எடுப்பார்கள்? பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் அவற்றை இயக்குவது தமிழ்நாடு. இரு மாநிலங்களும் செய்துகொண்ட 1970 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாக எங்கள் சித்தூர்ப் பகுதிக்கு வர வேண்டும். அது மூலத்தரைத் தடுப்பணையில் பிரிந்து வாய்க்கால்களில் ஓடும். எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, கடைமடைக்கு எட்டியதா என்பதுதான் எங்கள் டீக்கடைகளில் ஓயாத பேச்சு. பிள்ளைகளை மூலத்தரைக்கு அழைத்துச் சென்று ஷட்டர்களைக் காட்டினேன். திரும்பி வந்து அவர்கள் கட்டிய முதல் வடிவத்தில், மேல்துண்டு போட்ட பொள்ளாச்சி விவசாயி ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஷட்டரை மூடுவார், நம் ஊர்க்காரர்கள் அழுவார்கள், இறுதியில் மந்திரி வந்து திறந்துவிடுவார். கைதட்டு நிச்சயம் கிடைத்திருக்கும். ஆனால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள், நடித்த பிள்ளைகள் உட்பட.

இந்தக் கட்டத்தில்தான் அந்தப் பெரியவர் வந்தார். எங்கள் மாணவன் ஒருவனுடைய தாத்தா. வயதான காலம் வரைக்கும் பொறாட்டு நாடகம் ஆடியவர். பாலக்காட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பொறாட்டு நாடகம் மலையாளமும் தமிழும் கலந்து பேசிப் பாடி ஆடும் நாட்டுப்புறக் கூத்து. அதில் சோத்தியக்காரன் என்று ஒருவன் ஆட்டம் முழுக்க அரங்கிலேயே நிற்பான்; உள்ளே வரும் ஒவ்வொரு வேடத்தையும் மறித்து, நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் என்று கேட்பான். வேடம் பாடியும் பேசியும் பதில் சொல்ல, அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி பிறக்கும். கட்டிவைத்த கதையைவிட இந்தக் கேள்வி பதிலில்தான் கூட்டம் சிரிக்கும்.

பேரனைக் கூட்டிப்போக வந்த அவர் வேப்ப மரத்தடியில் நின்று ஒத்திகையைப் பார்த்தார். முடிந்ததும், “பிள்ளைக நல்லாத்தான் சொல்றாங்க டீச்சர். ஆனா அடுத்து என்ன வருமுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே” என்றார். கோபம் வரவில்லை, உட்காரச் சொன்னேன். மறுநாள் அவரே சோத்தியக்காரனாக நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக மறித்தார். பொள்ளாச்சி விவசாயி வேடம் போட்டவனிடம், “தண்ணி அடைச்சியே, உன் தோப்புல எத்தனை தென்னை பட்டுப்போச்சு?” என்று கேட்டார். வசனத்தில் அதற்குப் பதில் இல்லை. பையன் திகைத்தான், மீசையிலிருந்து கையை எடுத்தான், பிறகு மெதுவாகத் தன் மாமா தோப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினான். அவனுடைய அம்மாவின் ஊர் ஆனைமலை. அந்த மாமாவும் அதே தண்ணீருக்குத்தான் காத்திருப்பவர். நாடகத்தின் வில்லன் அந்த நிமிடமே காணாமல் போனான்.

அவரிடம் அன்று நான் கேட்ட ஒரே கேள்வி, கேட்பவன் எப்படித் தயாராவது என்பது. “கேக்கறவனுக்குப் பதில் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஆட்டம் செத்துரும்” என்றார். நாடகப் பயிற்சி பற்றி நான் கேட்டவற்றில் இதைவிடப் பயன்பட்ட பேச்சு வேறில்லை.

அதன் பிறகு எங்கள் ஒத்திகைகள் கேள்விகளாலேயே நடந்தன. நான் எழுதிவைத்த பிரதியை மேசைக்குள் வைத்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஆளையும் ஒரு தேவையையும் மட்டும் கொடுப்பேன். தண்ணீர் லாரி ஓட்டுநர், தண்ணீர் திறந்துவிடும் வாய்க்கால் ஊழியரான லஸ்கர், கள் இறக்குபவர், எல்லை தாண்டிப் பெண் பார்க்கப் போகும் குடும்பம். ஒரு மாணவன் சோத்தியக்காரனாக நிற்பான். வாரத்துக்கு ஒருவராக அந்த இடத்தை மாற்றினோம். நல்ல கேள்வி கேட்பது நல்ல பதில் சொல்வதைவிடக் கடினம் என்பதைப் பிள்ளைகள் விரைவில் கண்டுகொண்டார்கள். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வியைக் கேட்டவனை மற்றவர்களே கத்தி உட்கார வைப்பார்கள்.

பேசவே பேசாத ஒரு மாணவி இருந்தாள். பின்வரிசையில் கூட்டத்தோடு நின்றால் போதும் என்பாள், பல நாள் தாமதமாக வருவாள். ஒரு மாலை சோத்தியக்காரன் அவளை மறித்து, “நீ யாரு, எதுக்கு நிக்கிறே?” என்றான். “கொடம் நிக்குதுங்க. நான் அதுக்குக் காவல்” என்றாள். அரங்கு முழுக்கச் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. லாரி எப்போது வரும், தெரியாவிட்டால் எப்படி நிற்பாய், வரிசையில் யார் முந்துவார்கள் என்று அவன் கேட்கக் கேட்க, ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்று பேசினாள். அவளுடைய தாமதத்துக்குக் காரணமும் அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தப் பகுதியை நாடகத்தில் வைக்கலாமா என்று அவளிடம் தனியாகக் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே வைத்தோம். பிள்ளைகளின் வீட்டு வாழ்க்கையிலிருந்து நாடகம் எடுப்பவர்கள் இந்தத் தனிச் சம்மதத்தை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. மேடையில் நிற்கும் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருப்பது அவர்களுடைய ஊரேதான்.

குரல் பற்றியும் ஒரு சொல். கார்த்திகை தொடங்கிவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று எங்கள் மைதானத்தில் யார் குரலையும் நிற்க விடாது. பிள்ளைகள் உடனே கத்துவார்கள், இரண்டே நாளில் தொண்டை கட்டிவிடும். கத்த வேண்டாம், சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் முடியுங்கள், எதிர்க்காற்றில் மூச்சை நிறைத்த பிறகு பேசுங்கள் என்று பழக்கியதில், மைக் இல்லாமலேயே கடைசி வரிசைக்குக் கேட்டது.

தலைமையாசிரியர் இதைக் கேரளப் பள்ளிகளின் கலைப்போட்டி விழாவான கலோத்சவத்துக்குக் கொண்டுபோகலாமே என்றார். கலோத்சவத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1957இலிருந்து கேரளத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரை மேடையேற்றிய விழா அது. ஆனால் அங்கே நாடகத்துக்கு 30 நிமிடமும் 10 பேரும்தான். எங்களுடையதில் வகுப்பு முழுக்க இருந்தது. தேர்வில் சேரும் கிரேஸ் மார்க்குக்காக வெளியிலிருந்து பயிற்சியாளரைக் கூலிக்கு வைத்து, அவர் பையில் கொண்டுவரும் பிரதியைப் பிள்ளைகள் தலையில் ஏற்றும் வழக்கம் எனக்குப் பிடிக்காது என்பதையும் மறைக்கவில்லை. தலைமையாசிரியர் சிரித்துவிட்டு ஆண்டு விழாவிலேயே அரை மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தார்.

விழா அன்று சோத்தியக்காரன் வாய்க்கால் லஸ்கரிடம், “இந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணி போச்சா?” என்று கேட்டான். லஸ்கர் வாயைத் திறப்பதற்குள், பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு விவசாயி எழுந்து, “எங்கே போச்சு? என் நெலக்கடலை அப்படியே கருகிருச்சு” என்று சத்தம் போட்டார். பதினான்கு வயதுப் பையன் என்ன செய்வான் என்று நான் பக்கவாட்டில் பதறிக்கொண்டிருந்தேன். அவன் மேடை விளிம்புக்கு வந்து கைகூப்பி, “அண்ணா, உங்களுக்கு மேமடைக்காரர் யாருங்க?” என்று கேட்டான். அவர் ஒரு பெயரைச் சொன்னார்; அந்த மேல்மடைக்காரர் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். கூட்டம் வெடித்துச் சிரித்தது, அவரும் எழுந்து தன் கணக்கைச் சொன்னார், அதற்கு மூன்றாவதாக ஒருவர் பதில் சொன்னார். பையன் எல்லாரையும் பேசவிட்டு, சரியான நேரத்தில் லஸ்கரை நோக்கித் திரும்பி, “இப்ப நீங்க சொல்லுங்க” என்றான். இதில் எதையும் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

நாடகத்தின் பிரதி வேண்டும் என்று சில ஆசிரியர்கள் கேட்டார்கள். பிள்ளைகள் நினைவிலிருந்து எழுதிய நோட்டு ஒன்று இருக்கிறது, தருகிறேன். ஆனால் அதில் வேடங்களின் பதில்கள்தான் உண்டு; கேள்விகளை உங்கள் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும் என்று அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள்.