மறு: "மீள்செயல் நரம்பு அழற்சி": அழற்சி வேண்டாமே

வணக்கம்.

ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கையில் வரும் நரம்புக் கோளாறுக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன "மீள்செயல் நரம்பு அழற்சி" காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் மூன்று சங்கதியை ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள் என்று படுகிறது.

கோத்தகிரியில் என் பெரியம்மா 30 வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொழுதுக்கும் கிள்ளிக்கொண்டே இருக்கும், இப்போது ஆள் கிடைக்காததால் இலை வெட்டும் கத்தரியும் கைக்கு வந்துவிட்டது. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, ஈரக்கையை உதறுவதுபோல உதறுவார். "மதமதன்னு இருக்குடா, எறும்பு ஊறுது." சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமில்லை. அதைக் கேட்டதுமே டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், ஏனென்றால் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு மணிக்கட்டில் இருக்கும் குகை (carpal tunnel) வழியாகப் போவதில்லை.

குகை என்றே எழுதலாம், சுரங்கம் வேண்டாம். சுரங்கம் என்றால் நிலக்கரி ஞாபகம் வருகிறது. எங்கள் மலை ரயில் ஊட்டிக்குப் போவதற்குள் 16 குகைகளைக் கடக்கிறது, வீட்டில் குகை என்றுதான் சொல்வோம்.

மணிக்கட்டுக் குகையில் கீழே எலும்பு, மேலே முரட்டு நார்ப்பட்டை. உள்ளே விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் (தசையை எலும்போடு கட்டும் நார்கள்) ஒரே ஒரு நரம்பும். தசைநாண் உறை தடித்தால் நரம்புக்கு இடம் போதாமல் நசுங்குகிறது. அழற்சி என்று பெயர் வைத்தால் நரம்பே வெந்து வீங்கியதாக அர்த்தமாகிவிடும். இங்கே நோய் நெருக்கடியில் இருக்கிறது.

அப்புறம் "மீள்செயல்". கொழுந்தையே தொடாத கர்ப்பிணிக்கும், தைராய்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கும் இதே மதமதப்பு வருகிறதே! காரணத்தைப் பெயருக்குள் திணித்தால் அவர்களை எங்கே வைப்பது?

அதனால் நரம்புக் கோளாறுக்கு "மணிக்கட்டு நரம்பு நெரிவு". ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் எல்லா உபாதைக்கும் பொதுவாக "ஓயாவினை நோவு". அழற்சியைத் தசைநாண் அழற்சிக்கு வைத்துக்கொள்வோம். "நரம்புப் பிடிப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். பிடிப்பு என்றால் எங்கள் பக்கம் கெண்டைக்கால் சுண்டி இழுப்பதுதான், குழப்பும்.

பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். நெரிவு என்றதும் கழுத்தைத் தொட்டு "இங்கயா?" என்றார், கையில என்றதும் "ஆமா, அப்படித்தான் இருக்கு" என்றார். ஓயாவினை மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அதற்கு இன்னும் எளிதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.