வினாத்தாளில் மதிப்பெண் வருகிறது, ஸ்கேலைக் கையில் கொடுத்தால் அளக்க வரவில்லை: தவறு என் பாடத்திட்டத்திலா, தேர்விலா?

கேள்வி: பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம். நான் இயற்பியல் அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்து பி.எட். படிக்கிறேன். 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று வருகிறேன். ஆறாம் வகுப்பு அறிவியலின் முதல் அலகான ‘அளவீடுகள்’ என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லூரியில் கொடுத்த படிவத்தின்படி பொது நோக்கம், சிறப்பு நோக்கம், முன்னறிவுச் சோதனை, ஆயத்தம், பாட வளர்ச்சி, கரும்பலகைச் சுருக்கம், வீட்டுப்பாடம், மதிப்பிடல் என்று ஒன்றையும் விடாமல் நிரப்பி ஐந்து பாடத்திட்டங்கள் எழுதினேன். மேற்பார்வையிட வந்த பேராசிரியர் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் ‘நோக்கங்கள் அளவிடத்தக்கனவாக இல்லை’ என்று எழுதிவிட்டுச் சென்றார். ‘மாணவர்கள் நீளத்தை அளக்கும் முறையைப் புரிந்துகொள்வர்’ என்பதே நான் எழுதியிருந்த நோக்கம். அதில் என்ன குறை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அலகு முடிந்ததும் 25 மதிப்பெண்ணுக்கு ஓர் அடைவுத் தேர்வு நடத்தினேன். ஐந்து ஒரு மதிப்பெண் வினாக்கள், ஐந்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், இரண்டு ஐந்து மதிப்பெண் வினாக்கள். தேர்வெழுதிய 38 பேரில் பெரும்பாலானோர் 18-க்கு மேல் எடுத்ததால் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். மறுநாள் தற்செயலாக, முனை உடைந்து 2 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கும் ஒரு மர ஸ்கேலை ஒரு மாணவனிடம் கொடுத்து, அவனுடைய பென்சிலின் நீளத்தை அளக்கச் சொன்னேன். “மிஸ், இது உடைஞ்ச ஸ்கேல், வேற கொடுங்க” என்றான். அடுத்தவன் பென்சிலை 2-இல் வைத்து, அதன் முனை 9-இல் நிற்பதைப் பார்த்து, ‘9 செ.மீ.’ என்று தயங்காமல் சொன்னான். அவன் என் தேர்வில் 22 மதிப்பெண் எடுத்தவன்.

பாடத்தைத் திட்டமிட்டதில் பிழையா, வினாத்தாளை அமைத்ததில் பிழையா? அடுத்த அலகுக்கு நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்)

அம்மா, அந்த உடைந்த ஸ்கேலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடத்திய இரண்டு தேர்வுகளில் அதுதான் உண்மையான தேர்வு.

தாங்கள் பாடத்தை முதலில் எழுதிவிட்டு, அலகு முடிந்த பிறகு வினாத்தாளைத் தேடியிருக்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தொடங்கினோம். வினாத்தாள் எழுத உட்காரும்போது கையில் இருப்பது பாடநூல் மட்டும் என்பதால், ‘அளவீடு என்றால் என்ன?’, ‘நீளத்தின் எஸ்.ஐ. அலகு யாது?’ என்று புத்தகத்தில் இருக்கும் வரியையே திருப்பிக் கேட்கும் வினாக்கள் தாமாக வந்து விழுகின்றன. இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். வகுப்பு முடியும்போது மாணவர் என்ன செய்து காட்டினால் அவருக்குப் பாடம் வந்துவிட்டது என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள் என்பதை முதலில் ஒரே ஒரு வினாவாக எழுதுங்கள். வகுப்பில் என்ன செய்வது என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

தங்கள் பாடத்துக்கே வருவோம். ‘புரிந்துகொள்வர்’ என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் பேராசிரியரின் சிவப்பு மைக்குக் காரணம். அதை, ‘பொருளின் ஒரு முனை சுழியத்தில் இல்லாதபோதும் அதன் நீளத்தை ஸ்கேலைக் கொண்டு சரியாகக் கூறுவர்’ என்று மாற்றி எழுதிப் பாருங்கள். நோக்கத்தை இப்படி எழுதிய மாத்திரத்தில் வினாவும் கிடைத்துவிடுகிறது. ஒரு ஸ்கேல் படம் வரைந்து, 2-இலிருந்து 7 வரை ஒரு பென்சிலை வைத்து, நீளம் எவ்வளவு என்று கேட்டு, 5, 6, 7, 9 என்று நான்கு விடைகளைக் கொடுங்கள். 7 என்பவர் பென்சில் முடியும் இடத்தை மட்டும் பார்க்கிறார். 6 என்பவர் இடைவெளிகளை எண்ணாமல் 2, 3, 4, 5, 6, 7 என்று கோடுகளை எண்ணுகிறார். 9 என்பவர் இரண்டு எண்களைக் கண்டதும் கூட்டிவிடுகிறார். ஆக, தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் மனத்தில் நடப்பதை நமக்குச் சொல்கிறது. நான்கு விடைகளில் இரண்டைப் பெயருக்குப் போட்டு நிரப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் பல ஆண்டுகள் அப்படிச் செய்தவன்தான்.

இந்த வினா கையில் இருந்தால் 40 நிமிட வகுப்பை எப்படிப் பிரிப்பது என்பதும் எளிதாகிவிடும். அளவீட்டின் வரையறையை எழுதிப் போட்டுப் படிக்க வைக்கும் பத்து நிமிடத்தை ஸ்கேலைக் கையாள்வதற்குக் கொடுத்துவிடுவீர்கள். அதே பெஞ்சில் பென்சிலை நேர்மேலிருந்தும் சாய்ந்தும் பார்க்க வைத்தால், இடமாறு தோற்றப்பிழைக்கென்று (பார்க்கும் கோணம் மாறுவதால் அளவு மாறித் தெரிவது) தனியாக ஒரு வகுப்பு தேவைப்படாது. வண்ணச் சார்ட்டுக்காக இரவு பன்னிரண்டு மணிவரை விழித்திருக்கவும் வேண்டாம் (மேற்பார்வை நாளுக்கு ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது உலக வழக்கம்).

பதில் 2: கல்வியியல் கல்லூரி உதவிப் பேராசிரியர்

ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆனால் படிவத்தை வெறும் சடங்கு என்று மாணவி எண்ணிவிடக் கூடாது என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். படிவத்துக்கு அடிப்படையான, ஜெர்மானியக் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்த ஐந்து படிகள் பயிற்சி ஆசிரியரை ஒழுங்காகச் சிந்திக்கப் பழக்குகின்றன என்பதே என் அனுபவம். அவற்றை நிரப்பும் வரிசையில்தான் கோளாறு நேர்கிறது. ‘மதிப்பிடல்’ என்ற கட்டம் தாளின் அடியில் அச்சிடப்பட்டிருப்பதால் அதைக் கடைசியில் எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ப்ளூமின் குழுவினர் 1956-இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டில் பெயர்ச்சொற்களாக இருந்த நிலைகள், 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல் என்று வினைகளாக மாறின. மாணவர் செய்வதைக் குறிக்கும் வினைச்சொல்லால் நோக்கத்தை எழுதச் சொல்கிறோம் அல்லவா, அந்தப் பழக்கத்துக்கு இத்திருத்தம் நன்றாகவே பொருந்துகிறது. ‘புரிந்துகொள்ளல்’ அங்கேயும் ஒரு நிலையின் பெயராக உண்டு. ஆயினும் வகுப்புக்கு எழுதும்போது அதை ‘விளக்குவர்’, ‘எடுத்துக்காட்டுத் தருவர்’, ‘வேறுபடுத்துவர்’ என்று இறக்கி எழுத வேண்டும்.

வினாத்தாளுக்கு முன் வடிவமைப்பு அட்டவணை, அதாவது ப்ளூ பிரிண்ட், போட்டீர்களா? பலரும் வினாத்தாளை முதலில் எழுதி, ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவதற்காக அதற்கேற்ற அட்டவணையைப் பின்னால் தயாரிக்கிறார்கள். அட்டவணையின் பயனே அதில் போய்விடுகிறது. உங்கள் 25 மதிப்பெண்ணையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவும் அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் ஆகியவற்றில் எதில் விழுகிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். பெரும்பகுதி ‘அறிதல்’ கட்டத்தில் குவிந்து, ‘திறன்’ கட்டம் காலியாகக் கிடக்கும் என்று நினைக்கிறேன். அளத்தலைக் கற்பித்துவிட்டு அளத்தலைப் பற்றிய வரிகளைக் கேட்ட தேர்வுக்கு நம்பகத்தன்மை இருக்கலாம், அதாவது மீண்டும் நடத்தினாலும் அதே மதிப்பெண் வரலாம். ஆனால் அதற்கு ஏற்புடைமை இல்லை, அதாவது அளக்க வேண்டியதை அது அளக்கவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் இப்போதே கைக்கொள்ளுங்கள். திருத்திய தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலிருந்து 27 விழுக்காட்டையும் கீழிருந்து 27 விழுக்காட்டையும் தனியே எடுங்கள். 38 பேருக்கு ஏறத்தாழப் பத்துப் பத்துத் தாள்கள் வரும். ஒரு வினாவுக்கு மேல் குழுவில் 8 பேரும் கீழ்க் குழுவில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், வித்தியாசமான 5-ஐ 10-ஆல் வகுக்க 0.5 கிடைக்கும். அவ்வினா நன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்று கொள்ளலாம். இரு குழுவிலும் பத்துக்குப் பத்து என்றால் அது யாரையும் பிரித்துக் காட்டவில்லை. அதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. எல்லோரும் கற்றுவிட்டார்கள் என்பதும் நமக்குத் தேவையான செய்திதான். கீழ்க் குழுவே அதிகமாகச் சரியாக எழுதியிருந்தால் மட்டும் வினாவின் சொல்லமைப்பையோ விடைக்குறிப்பையோ உடனே சரிபாருங்கள்.

பதில் 3: தொடக்கப் பள்ளி இடைநிலை ஆசிரியை

ஒரு சிறிய ஐயம், சகோதரி. அந்தத் தேர்வில் குறைவாக எடுத்தவர்களையும் ஒருமுறை பார்த்தீர்களா? தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கான தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கிய 2022 முதல் என் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையினரை ஒன்றாக வைத்துக் கற்பித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் இரண்டு வரி வினாவைத் தானே படித்துப் பொருள் கொள்ள முடியாத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் ஸ்கேலைக் கொடுத்தால் அழகாக அளப்பார்கள். வினாத்தாள் அவர்களிடம் அளந்தது தமிழ் வாசிப்பை. நான் அப்படிப்பட்டவர்களை அருகில் அழைத்து வினாவை வாய்விட்டுப் படித்துக் காட்டி, விடையை வாய்மொழியாகவே வாங்கிக் குறித்துக்கொள்வேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. பென்சிலால் குறித்துப் பார்த்தேன். 25-இல் 19 மதிப்பெண் ‘அறிதல்’ கட்டத்தில் இருந்தது, ‘திறன்’ கட்டத்தில் ஒன்றுமே இல்லை. வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஐயா சொன்ன பென்சில் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, துண்டுத் தாளில் விடை வாங்கினேன். 38 பேரில் 11 பேர் 5 என்றும், 16 பேர் 7 என்றும், 9 பேர் 6 என்றும், 2 பேர் 9 என்றும் எழுதினார்கள். இந்த 38 பேரில் மூவருக்கு, தொடக்கப் பள்ளி ஆசிரியை அம்மா சொன்னபடி, வினாவைப் படித்துக் காட்டினேன். அவர்களில் இருவர் சரியான விடை சொன்னார்கள். 7 என்றவர்களுக்கு உடைந்த ஸ்கேலைக் கொண்டு மறுபடி விளக்கிவிட முடியும் என்று தோன்றுகிறது. கோடுகளை எண்ணி 6 என்றவர்களுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ‘கோட்டை எண்ணாதே, இடைவெளியை எண்ணு’ என்று இரண்டு முறை சொன்னேன். தலையாட்டிவிட்டு மீண்டும் கோடுகளையே எண்ணுகிறார்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்)

சொல்லிப் பயனில்லை அம்மா, கால் வைத்துத்தான் புரிய வேண்டும். வராண்டாவில் சாக்பீஸால் ஓரடி இடைவெளியில் எட்டுக் கோடுகள் போட்டு, 0 முதல் 7 வரை எண் எழுதுங்கள். ஒரு பிள்ளையை 2-ஆம் கோட்டில் நிறுத்தி, 7-ஆம் கோட்டுக்குக் கோடு கோடாகக் குதிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு முறை கை தட்டட்டும். 2-இல் நிற்கும்போதே யாராவது ஒருவர் நிச்சயம் கை தட்டுவார். அந்த இடத்தில் நிறுத்தி, ‘இன்னும் குதிக்கவே இல்லையே, எதற்குத் தட்டினாய்?’ என்று கேளுங்கள். அதன் பிறகு அதே பிள்ளைகளிடம் உடைந்த ஸ்கேலைக் கொடுத்து வேறு ஒரு பொருளை அளக்கச் சொல்லி, வந்த விடைகளை இங்கே எழுதுங்கள்.