மறு: ஒட்டை அனுப்புமுன் ஓட்டிப்பார்ப்பதற்கு ஒரு சொல்

அண்ணாச்சி, வணக்கம்.

> 'முன்னாய்வு' போதுமே, புதுச் சொல் எதற்கு?

போதாது என்பதுதான் என் வழக்கு. லினக்ஸ் கருனிக்கு (இயங்குதளத்தின் மைய நிரல், கெர்னல்) நாம் எழுதும் ஒட்டை (நிரல் திருத்தம், பேட்ச்) அனுப்புமுன் ஓட்டிப்பார்ப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதானே பேச்சு. ஒட்டு போய்ச் சேர்ந்தபின் பராமரிப்பாளர் செய்வது மதிப்பாய்வு. அதற்கு முன் நாம் செய்வதை முன்னாய்வு என்றால் அதுவும் வாசித்துப்பார்க்கும் வேலையாகவே ஒலிக்கிறது. கருனியை வாசித்தால் ஆகாது, ஓட்ட வேண்டும். 'புகைச் சோதனை' (ஸ்மோக் டெஸ்ட், கிளப்பியதும் உடைகிறதா என்று பார்ப்பது) என்று இன்னொருவர் எழுதியிருந்தார். நாகர்கோவிலில் அதைச் சொன்னால் பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் வேனைத்தான் கைகாட்டுவார்கள்.

என் பரிந்துரை: வெள்ளோட்டம். புதுத் தேருக்கும் புது வள்ளத்துக்கும் ஏற்கெனவே புழங்குகிற சொல். தேர் வெள்ளோட்டத்தில் சாமி ஏறுவதில்லை. நாமும் திருத்திய கருனியை முதலில் கியூஎமு என்ற மென்பொருள் உருவாக்கும் மெய்நிகர் கணினியில்தான் கிளப்புகிறோம், பிள்ளைகளின் படங்கள் கிடக்கும் மடிக்கணினியில் அல்ல.

சின்னமுட்டத்தில் மாமா ஃபைபர் வள்ளம் இறக்கிய அன்று கூட நின்றேன். வள்ளம் மிதந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் குனிந்து, பலகையைத் தூக்கி, அடியில் விரலை ஓட்டி ஈரம் பார்த்தார். உள்நுழைவுத் திரை வந்தபிறகும் டிமெசெக் பதிவை (கருனி ஓடும்போது எழுதிவைக்கும் செய்திகள்) வரிவரியாகப் பார்க்கிறோமே, அதுதான் இது. கேசான் (நினைவகப் பிழை பிடிக்கும் கருவி) சேர்த்துத் தொகுத்த (கம்பைல் செய்த) கருனி என்றால், விடுவித்த நினைவகத்தை மறுபடி தொட்ட இடமும் அங்கே அகப்படும்.

எல்லாவற்றையும் இந்தச் சொல்லுக்குள் திணிக்கவும் வேண்டாம். செக்பேட்ச் என்ற நிரலை ஓட்டி ஒட்டின் எழுத்து நடை பார்ப்பது, ஒரு வசதியை உள்ளிணைத்தும் தனியே ஏற்றும் மாட்யூலாக்கியும் அறவே விலக்கியும் மும்முறை தொகுப்பது எல்லாம் கரையில் நடக்கும் வேலை. அதற்குச் 'சரிபார்ப்பு' போதும். (இளக்காரமாகச் சொல்லவில்லை. என் மூன்று ஒட்டுத் தொடர் ஒன்றில் இரண்டாவது தனியாகத் தொகுபடவே இல்லை. அது அழைத்த செயல்கூறு (ஃபங்ஷன்) மூன்றாவதில்தான் பிறக்கிறது! நானோ மூன்றையும் சேர்த்து ஓட்டிவிட்டு நிம்மதியாக இருந்தேன். பின்னாளில் பிழை புகுந்த இடத்தைப் பாதிபாதியாகப் பிரித்துத் தேடுகிறவர் நடுவழியில் சிக்கிக்கொள்வார் என்று திருப்பியனுப்பினார்கள்.)

ஒரு சிக்கல் மிச்சம். ஒட்டைச் சோதித்தவர் பெயரைச் சொல்லும் 'டெஸ்டட்-பை' வரிக்கு 'வெள்ளோட்டம் விட்டவர்' என்பதா, 'பார்த்தவர்' என்பதா? அன்று வள்ளத்தைத் தள்ளியவர்கள் பத்துப் பேர், ஈரம் பார்த்தவர் ஒருவர். நான் 'பார்த்தவர்' பக்கம். உங்கள் காதுக்கு எது ஒத்துவருகிறது, அண்ணாச்சி?